63 ஆம் இலக்கம் பொறித்த செப்புக் கொதிகலனைக் குத்திச் சிதைக்க வேண்டாமெனக் கோரல்

அனுப்புநர்:
ஒஸ்வல்ட் பல்தசார்,
இல. 14, தேவாலய ஒழுங்கை,
சேற்றுமுனை, மட்டக்களப்பு.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
சட்டவிரோத மதுசாரச் சோதனைப் பிரிவு,
வாவிக்கரை வலய அலுவலகம்.

விடயம்: 11.08.2024 அன்று எனது வீட்டில் கசிப்புச் சாராயம் வடிக்கும் சாதனம் எனக் கைப்பற்றப்பட்ட சிறு புகையிரத எஞ்சினின் கொதிகலன் 30.08.2024 அன்று அழிக்கப்படவிருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கிரானில் ஓர் அரிசி ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகள் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவன். வயது அறுபத்தெட்டு. எனது மனைவி வேரா பல் கட்டும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவரும் பொழுதுபோக்காக நீராவியில் ஓடும் சிறிய புகையிரத எஞ்சின்கள் செய்கிறோம். இவை பொம்மைகள் அல்ல. சிரட்டைக் கரி எரிந்து, தண்ணீர் கொதித்து, ஆவி உருளைக்குள் போய்ச் சில்லைச் சுற்றும் அசல் எஞ்சின்கள்தான். அளவு மட்டுமே சிறியது. ஒரு எஞ்சின் எழுதும் மேசையின் நீளம் இருக்கும். ஐந்தங்குல அகலத் தண்டவாளத்தில் நான்கு பெரியவர்களை இழுக்கும். இதனால் என்ன பயன் என்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் பின்னர் என்னிடம் கேட்டார். பயன் ஒன்றும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

2. முதலாவது எஞ்சின் 2016 முதல் ஓடுகிறது. கைப்பற்றப்பட்டது இரண்டாவது எஞ்சினின் கொதிகலன். அதை நாங்கள் நான்கு வருடங்களாகச் செய்தோம். தகடு வளைத்தது நான். வெள்ளிப் பற்றாசு வைத்து ஒட்டியது வேரா. அதற்குள் இருபத்திரண்டு செப்புக் குழாய்கள் உள்ளன. இரண்டு முனையிலுமாக நாற்பத்துநான்கு ஒட்டுகள். பல் கட்டும் வேலையில் முடியளவு இடைவெளிக்குப் பற்றாசு ஓட்டிப் பழகிய கை அவருடையது. ஒன்றுகூட ஒழுகவில்லை.

3. சம்பவ தினம் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, அந்தக் கொதிகலனில் முதன்முதலாகத் தீ மூட்டினோம். கொதிகலனைச் சில்லுகளில் ஏற்றுவதற்கு முன்னர் தனியாக ஆவி எழுப்பிப் பார்ப்பது எங்கள் வேலையின் முறை. ஆகவே அது பின்வளவில் மூன்று செங்கற்களின் மேல் இருந்தது. அடியில் கரி எரிந்தது. மேலிருந்து ஒரு செப்புக் குழாய் வளைந்து இறங்கி, தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் போனது.

4. இந்த வாளியைப் பற்றித் தெளிவுபடுத்த விரும்புகிறேன். மிகுதியான ஆவி வால்வு வழியே வெளியேறும்போது பெரிய இரைச்சல் எழும். மதிலுக்கு அப்பால் குடியிருக்கும் சர்மிலாவுக்குக் குழந்தை பிறந்து இருபத்தாறு நாட்கள். பிள்ளை தூங்கும் நேரம் சத்தம் வேண்டாம் என்று அவர் முதல்நாள் கேட்டிருந்தார். ஆகவே ஆவியைக் குழாய் வழியே வாளித் தண்ணீருக்குள் விட்டோம். சத்தம் அடங்கியது. ஆனால் செப்புப் பாத்திரம், அடியில் தீ, மேலே வளைந்த குழாய், நுனியில் வாளி என்று எல்லாம் ஒரு கசிப்பு அடுப்பின் அச்சாக அமைந்துவிட்டன. உங்களுக்குத் தகவல் கொடுத்தவர் யாராயினும் அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

5. உங்கள் குழுவினர் வந்தபோது நான் வீட்டில் இல்லை. எங்களுக்குச் சில்லு கடைந்து தந்த லேத் பட்டறை உரிமையாளர் றவூப், முதல் ஆவியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்ததால், அவரை அழைத்துவரப் போயிருந்தேன். வேரா தனியாக இருந்தார். பின்வருவன அவர் சொன்னவை. இது றெயில் எஞ்சின் என்று அவர் கூறியதும், உங்கள் உத்தியோகத்தர், "எஞ்சின் எண்டா சில்லு எங்க?" என்று கேட்டிருக்கிறார். சில்லுகள் உள்ளே மேசையில் இருப்பதாக வேரா காட்டியிருக்கிறார். கைப்பற்றல் பட்டியலில் அவை "பழைய இரும்புச் சாமான், தேவையற்றது" என்று பதிவாகியுள்ளன. அவற்றை விட்டுச் சென்றமைக்கு நன்றி.

6. அதே பட்டியலின் நான்காம் இனம் "நிறமற்ற, மணமற்ற திரவம், ஏறத்தாழ ஆறு லீற்றர்" என்பதாகும். அது வாளியில் இருந்த கிணற்றுத் தண்ணீர். அதை நீங்கள் பகுப்பாய்வுக்கு அனுப்பியிருப்பதாக அறிகிறேன். முடிவு குறித்து எனக்குக் கவலை இல்லை.

7. கொதிகலனை எடுத்துச் செல்ல அலவாங்கால் நெம்பியபோது அதற்குள் சதுர அங்குலத்துக்கு நாற்பது இறாத்தல் அமுக்கத்தில் ஆவி இருந்தது. குழாய் ஒன்று கழன்றிருந்தால் சுற்றி நின்ற மூவரின் முகமும் வெந்து போயிருக்கும். வேரா குறுக்கே போய், "தொடாதீங்க, உள்ளுக்கு ஆவி கிடக்கு. நான் இறக்கித் தாறன்" என்று சொல்லி, தீயை வெளியே இழுத்துப் போட்டு, வால்வைத் திறந்து ஆவியை முழுதாக இறக்கிக் கொடுத்திருக்கிறார். அவருடைய இடது மணிக்கட்டில் அப்போது பட்ட சூட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை. உங்கள் அறிக்கையில் அவர் "சாதனத்தை இயக்குவதில் தேர்ச்சி பெற்றவர்" எனக் குறிக்கப்பட்டுள்ளார். அது முற்றிலும் சரியான விவரம். ஆனால் அது குற்றமாக எழுதப்பட்டிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

8. அன்று பிற்பகல் வேராவிடம் வாக்குமூலம் பெற்று வீட்டுக்கு அனுப்பினீர்கள். விடயம் அத்துடன் முடிந்திருக்கும். மறுநாள் உங்கள் களஞ்சியத்தில் கொதிகலனின் பின்தகட்டில் 63 என்ற குத்தெழுத்து இலக்கம் காணப்பட்டது. பழைய பதிவேட்டைப் பார்த்தபோது, 2011 இல் கைப்பற்றப்பட்டுச் சிதைக்கப்பட்ட ஒரு கசிப்புச் சாடிக்கு உங்கள் பிரிவு குத்திய இலக்கம் அது என்று தெரிந்தது. சிதைக்கப்பட்ட சாடி திருத்தப்பட்டு மறுபடி அடுப்பேறியிருக்கிறது என்று முடிவு செய்து, மேலதிக விசாரணை தேவையில்லை என எழுதினீர்கள். 14 ஆம் திகதி நான் களஞ்சியத்துக்கு வந்தபோது, கசிப்புக்குப் புளிக்க வைத்த கோடா ஊறல் பீப்பாக்களுக்கு நடுவே கொதிகலன் கிடந்தது. அதன் மேல் சிவப்பு மையால் புள்ளடி இடப்பட்டிருந்தது. 30 ஆம் திகதி குத்திச் சிதைக்கப்படும் என்று களஞ்சியப் பொறுப்பாளர் மரியாதையாகவே சொன்னார்.

9. இலக்கம் உண்மையானது. அந்தத் தகடு அந்தச் சாடியின் அடித்தகடுதான். 2013 இல் உங்கள் அலுவலக முற்றத்தில் நடந்த பழைய உலோக ஏலத்தில் வேரா அதைக் கேட்டு வாங்கினார். பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. கள்ளச் சாமான் என்றால் இலக்கத்தை ஏன் அராவி அழிக்கவில்லை என்று நீங்கள் யோசித்திருக்கலாம். கொதிகலன் தொழிலில் தகட்டின் இலக்கத்தை எவரும் அழிப்பதில்லை. தகடு எங்கிருந்து வந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி. ஆலையில் பரிசோதகர் வந்தால் முதலில் விளக்கைப் பிடித்துத் தேடுவது அதைத்தான். தகட்டை வெட்டும்போது இலக்கம் உள்ள பக்கத்தைத் தப்பவைத்து வெட்டியவன் நான். என் தொழிலில் ஒழுங்கு என்று பழகிய ஒன்றை உங்கள் அலுவலகத்தில் குற்றமாகப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது என் பிழை. வேராவின் பிழை அல்ல.

10. வடிசாதனத்துக்கும் கொதிகலனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய நிபுணர் தேவையில்லை. கசிப்புச் சாடியின் வாயை மாவாலோ களிமண்ணாலோ பூசுவார்கள். சிறிது அமுக்கம் ஏறினாலே அது பிய்த்துக்கொண்டு போகும். எங்கள் கொதிகலனைப் பச்சைத் தண்ணீரால் நிரப்பி, கைப்பம்பியால் நூற்றறுபது இறாத்தல் வரை ஏற்றி, அரைமணி நேரம் விட்டால் அமுக்கமானியின் முள் அசையாது. தீ தேவையில்லை, ஆபத்தும் இல்லை. 10 ஆம் திகதி றவூப் முன்னிலையில் இதைச் செய்தோம். அவரது கடிதமும் இணைக்கப்பட்டுள்ளது. உங்கள் முற்றத்தில், உங்கள் முன்னிலையில், எந்த நாளிலும் மறுபடி செய்து காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். மேலும், உள்ளே உள்ள இருபத்திரண்டு குழாய்களுக்கு இடையில் ஒரு பென்சில்கூடப் போகாது. அதற்குள் கோடாவை ஊற்றினால் முதல் நாளே அடைத்துவிடும். கசிப்புக் காய்ச்சுபவர் எவரும் தமது சாதனத்தில் விசில் பொருத்துவதும் இல்லை. இதற்குப் பொருத்தியிருக்கிறது.

11. அந்த ஏலத்துக்கு வேரா ஏன் போனார் என்று உங்கள் விசாரணையில் எவரும் கேட்கவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். வேராவின் தம்பி றிக்கி. தச்சு வேலை செய்தவர். 2011 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாவிக்கு அக்கரையில் காய்ச்சிய கசிப்பைக் குடித்து, முதலில் கண் தெரியாமல் போய், இரண்டாம் நாள் வைத்தியசாலையில் இறந்தார். வயது நாற்பத்தொன்று. அவர் குடித்தது எந்தச் சாடியில் இருந்து என்பது மரண விசாரணையில் வாசிக்கப்பட்டது. 63 என்ற அந்த இலக்கத்தை வேரா அன்றே மனதில் எழுதிக்கொண்டார்.

12. சிதைத்த சாடிகளை ஏலத்தில் எடுப்பவர்களில் சிலர் ஓட்டையை அடைத்து மறுபடி அடுப்பில் வைப்பது ஊரறிந்த விடயம். உங்கள் பிரிவும் அறியும். அதனால்தான் 63 ஐக் கண்டதும் சந்தேகப்பட்டீர்கள். வேராவும் அதே காரணத்துக்காகத்தான் இரண்டு வருடங்கள் காத்திருந்து ஏலத்துக்குப் போனார். வாங்கி வந்த தகடு ஏழு வருடங்கள் எங்கள் கட்டிலின் கீழ் கிடந்தது. அதை எறிய அவர் சம்மதிக்கவில்லை, எறிந்தால் எவராவது எடுப்பார்கள் என்றார். 2020 இல் இரண்டாவது எஞ்சினுக்குச் செம்பு தேடி நான் அலைந்தபோது, அவரே அதை இழுத்து வெளியே வைத்து, "இதைப் போட்டுச் செய்யுங்க. இனி இதுக்குள்ள பச்சத் தண்ணியைத் தவிர ஒண்டும் கொதிக்கக்கூடா" என்றார். உங்கள் அலவாங்கு 2011 இல் அந்தத் தகட்டில் போட்ட ஓட்டை இன்னும் உள்ளது. அதை வட்டமாக அராவிக் கரி போடும் வாயாக்கியிருக்கிறோம். களஞ்சியத்தில் கையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

13. ஆதலால், அந்தச் செம்பு ஏற்கெனவே ஒருமுறை தண்டனை பெற்றுவிட்டது என்பதைக் கருத்தில் கொண்டு, பின்வருவனவற்றைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

(அ) 30 ஆம் திகதிக்கு முன்னர் பத்தாம் பந்தியில் சொன்ன சோதனையை நடத்தி, முள் அசையாவிட்டால் கொதிகலனை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

(ஆ) அறிக்கையில் வேராவின் பெயருக்கு நேரே உள்ள வாசகத்தை நீக்க வேண்டும். அல்லது அந்தத் தேர்ச்சியால் அன்று உங்கள் உத்தியோகத்தர் மூவர் காயமின்றித் திரும்பினார்கள் என்பதையும் அருகே சேர்க்க வேண்டும்.

(இ) அதுவரை கொதிகலனின் மேல் பீப்பாக்களை அடுக்காதிருக்க வேண்டும்.

14. எனது வாதங்கள் எதையும் நீங்கள் ஏற்காமல் போகலாம். அப்படியானால் 30 ஆம் திகதி வேராவைக் களஞ்சிய முற்றத்துக்குள் வர அனுமதிக்குமாறு மட்டும் கேட்கிறேன். அவர் எதையும் தடுக்க மாட்டார், அழவும் மாட்டார். துண்டுகள் எந்தக் குவியலில் சேர்கின்றன, எப்போது ஏலத்துக்கு வருகின்றன என்று தெரிந்தால் அவருக்குப் போதும். அந்த ஏலத்திலும் அவர்தான் கேட்பார்.

இங்ஙனம்,
ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

(ஒப்பம்)
ஒஸ்வல்ட் பல்தசார்

இடம்: சேற்றுமுனை
திகதி: 19.08.2024

இணைப்பு: ஏலப் பற்றுச்சீட்டின் பிரதி, றவூப் அவர்களின் கடிதம், சில்லுகளின் மேல் கொதிகலன் அமரவேண்டிய இடத்தைக் காட்டும் வரைபடம்.