உன்னிச்சைக்குப் போக எழும்பினவர்

ஞாயிறு, இரவு.

இன்றைக்கு ஆராதனை முடிகிற நேரம் பாஸ்டர் வழக்கம்போலக் கேட்டார்: "உன்னிச்சைப் பக்கம் ஒரு சபை தொடங்கவேணும் எண்டு கர்த்தர் தந்த தரிசனம் அப்படியே கிடக்கு. ஆர் போவீங்க?" எங்கள் பெண்கள் ஜெபக்குழு இதற்காகத்தான் உபவாசம் இருந்து வருகிறது. நடத்துகிறவள் நான். ஒருத்தரும் அசையவில்லை. பிறகு கடைசி வரிசையில் என் மனுசன் எழும்பினார்.

"நான் போறன், பாஸ்டர்."

வாவியில் வலை போடுகிற மனுசன். சபையில் ஒருநாளும் வாய் திறந்து ஜெபித்ததில்லை. என்னை மறந்து கத்திவிட்டேன்: "இவருக்கு ஏலாது பாஸ்டர்!" முழுச் சபையும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து, "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?" என்று அழுதேன். அவர் கோபப்படவில்லை.

"ஆளை அனுப்புங்க ஆண்டவரே எண்டு நீ விடிய விடியக் கேக்கிறத நான் பாயில கிடந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தன், புள்ள. இப்ப கொஞ்ச நாளா அது எனக்கே சொல்ற மாதிரி இருந்திச்சு. நீயும் வருவியா?"

அந்தக் காட்டோர ஊரில் எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லை. இரவில் யானை வரும். மகள் இந்த வருடம் சோதனை எழுதுகிறாள். ஜெபத்துக்குப் பதில் வந்தால் சந்தோசமாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். நான் ஜெபிக்க முழங்காலில் நின்று பார்த்தேன். வாய் திறக்கப் பயமாக இருக்கிறது. போ என்று ஆண்டவர் என்னிடமும் சொல்லிவிட்டால்?