பச்சைக் கட்டத்துக் குழந்தை

மார்ச் 4

அக்கா,

என் மகளின் எடையை நான்கு மாதமாக நீ பொய்யாக எழுதுகிறாய்.

கேட்கவில்லை, சொல்கிறேன். போன சனிக்கிழமை லீவில் வந்தபோது, நீ கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், நீ 'குண்டு' என்று கூப்பிடும் என் மகளைத் தூக்கிக்கொண்டு வெங்காய மண்டிக்குப் போனேன். தராசில் கோணியை விரித்து உட்கார வைத்தேன். இரண்டு வயதுப் பிள்ளை, சட்டையோடு ஏழு கிலோ அறுநூறு. இறக்கி, மறுபடி வைத்தேன். அதேதான். வீட்டுக்கு வந்து அலமாரியில் அவள் எடைக் கார்டை எடுத்துப் பார்த்தால், பிப்ரவரிக்கு உன் கையெழுத்தில் ஒன்பது கிலோ நானூறு. பச்சைக் கட்டம். பக்கத்தில் 'நல்ல வளர்ச்சி' என்று வேறு.

ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மாதாமாதம் நிறுத்துப் பார்ப்பது உன் வேலை. உன்னைக் 'கார்டு அக்கா' என்றுதான் ஊரே கூப்பிடுகிறது. அந்த நம்பிக்கையில்தான் பால் மறந்த பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டு இங்கே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. உன் தோட்டத்தில் தக்காளி சிவந்து தொங்குகிறது. கத்தரி, பீர்க்கை, பூசணி, கீரை எல்லாம் கண்ணை நிறைக்கிறது. சுற்றிலும் நீலக் கயிறு. என் மகள் அந்தக் கயிற்றுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "பறிச்சுக்கோடி" என்றேன். "அடி" என்றாள். அவளுக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் அது ஒன்று.

இதைப் போனில் பேச முடியாது. ஹாஸ்டல் வார்டன் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்தான் போனைக் கையில் தருகிறார். அந்தப் பத்து நிமிடமும் "அம்மான்னு சொல்லுடி செல்லம்" என்று நீ அவளைக் கொஞ்சியே தீர்த்துவிடுவாய். பஸ் டிரைவர் மாமாவிடம் பதில் கொடுத்தனுப்பு.

உன் தங்கை


மார்ச் 7

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியிருக்கிறாய். நாங்கள் நலம். அத்தானுக்கு முதுகுவலி, டிராக்டரில் ஏறி இறங்கி இன்னும் மோசம். குண்டு நன்றாக ஓடியாடுகிறாள்.

வெங்காயக்காரன் தராசு வாங்கும்போது ஒன்று காட்டும், விற்கும்போது ஒன்று காட்டும். என் பிள்ளையை அவன் வாங்கினானா, விற்றானா? அதையாவது கேட்டாயா? ஊர் நடுவில் பிள்ளையைக் கோணியில் வைத்து நிறுத்தியிருக்கிறாய். இப்போது கிணற்றடியில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கிறது.

தோட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸிலிருந்து நாற்பது வீட்டுக்கு விதை கொடுத்தார்கள். அதில் நம் தோட்டத்தை மாதிரித் தோட்டம் என்று என் மேலதிகாரி மேடம் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய அதிகாரி வந்து படம் எடுக்கும்வரை காய் கொடியில் இருக்கட்டும் என்றார்கள். ஜனவரியில் வருவதாக இருந்தது. பிப்ரவரி ஆயிற்று. இப்போது பதின்மூன்றாம் தேதி என்கிறார்கள். பிள்ளை எட்டி இழுத்தால் கொடி அறுந்துபோகும், அதனால் ஒரு தரம் கையில் தட்டினேன். கொன்றுபோடவில்லை.

கோபம் தணிந்ததும் எழுது. பஞ்சு பறக்கும் இடத்தில் வாயைக் கட்டிக்கொள்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அக்கா,

மூன்று பக்கம் எழுதினாய். 'பொய் எழுதவில்லை' என்று ஒரு வரி எழுதவில்லை.

தராசு தப்பு என்றால் ஒன்று செய். உன் அலுவலகத் தராசு வீட்டிலேயே இருக்கிறது. அவள் சட்டையைக் கழற்றி, அதில் வைத்து, வந்த எண்ணை எழுதியனுப்பு. ஒரு நிமிட வேலை.

என் பக்கத்து மிஷின்காரி மகனுக்கும் இப்படித்தான் எடை இறங்கியது. அவர்கள் ஊரில் கார்டில் சிவப்புக் கட்டம் போட்டார்கள். போட்டதும் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையுமாகச் சேர்த்து, பதினைந்து நாள் மருந்தும் முட்டையும் பாலும் கொடுத்து அனுப்பினார்களாம். "சிவப்பு போட்டாங்க, அதான் எம்புள்ள பொழச்சான்" என்கிறாள். என் மகளுக்கு நீ பச்சை போட்டிருக்கிறாய். பச்சைக் கட்டத்துப் பிள்ளையை எந்த டாக்டர் சேர்த்துக்கொள்வார்?

எண்ணை எழுது.

தங்கை


மார்ச் 15

தங்கச்சிக்கு,

போனில் 'எண்ணைச் சொல்' என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாய். அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் எட்டு கிலோ அறுநூறு இருந்தாள். அது சத்தியமான எண். நவம்பரில் வயிற்றுப்போக்கு வந்து எட்டுக்கு இறங்கினாள். மேடம் கார்டைப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுப் பிள்ளையே இறங்குனா நீ எப்படிம்மா ஊருக்குச் சொல்லுவே? மாதிரித் தோட்டம்னு எழுதிட்டேன், இப்ப என் தலைய உருட்டாதே" என்றார்கள். எட்டே முக்கால்வரை ஏறியிருக்க வேண்டிய பிள்ளைதானே, அடுத்த மாதம் ஏறிவிடுவாள் என்று எட்டு எண்ணூறு எழுதினேன். அடுத்த மாதம் அவள் ஏறவில்லை. எழுதியதை இறக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் இருநூறு கூட்டினேன்.

பதின்மூன்றாம் தேதி வந்தார்கள். நான்கு கார். குண்டுவுக்கு மஞ்சள் கவுன் போட்டு, பூசணியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் பெரிய அதிகாரி அவளைத் தூக்கினார். தூக்கியவர், "என்னம்மா, காத்து மாதிரி இருக்கா?" என்றார். மேடம் சிரித்துக்கொண்டே, "பொம்பளப் புள்ளைங்க சார், ஒடம்பு வாகு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவர்கள் போனதும் கயிற்றை அறுத்துப்போட்டேன். பீர்க்கை முற்றி நாராகிவிட்டது. கீரை பூத்துவிட்டது. தக்காளியில் பாதி அழுகல். மிச்சத்தைப் பறித்து மசித்து ஊட்டுகிறேன். தினமும் ஒரு முட்டையும் கொடுக்கிறேன். இரண்டு வாய்க்குமேல் வாங்க மாட்டேன் என்கிறாள். ஆனாலும் விடமாட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் கார்டில் உள்ள எண்ணை அவள் உடம்பு எட்டிப்பிடித்துவிடும். யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும். இந்த வேலை போனால், அத்தான் முதுகோடு நாங்கள் எங்கே போவது? நீயே சொல்.

தயவுசெய்து இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு.

உன் அக்கா


மார்ச் 18

அக்கா,

கிழிக்கவில்லை.

நீ சிரித்தாய் என்று எழுதியதைப் படித்தபோது உன்மேல் இரக்கம் வந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் அது போய்விட்டது.

எட்டிப்பிடிப்பாளா? யோசித்துப் பார். மார்ச்சில் நீ ஒன்பது அறுநூறு எழுதியாக வேண்டும். ஏப்ரலில் ஒன்பது எண்ணூறு. அவள் ஒரு படி ஏறினால் உன் பேனாவும் ஒரு படி ஏறும். காகிதத்தில் இருக்கிற பிள்ளை கொழுகொழுவென்று முன்னால் ஓடும். நிஜப் பிள்ளை அதன் பின்னால் ஓடியே செத்துப்போகும். இரண்டு வாய்க்குமேல் வாங்காத பிள்ளைக்குச் சோறு மட்டும் போதாது அக்கா. அவளுக்கு டாக்டர் வேண்டும். இது என்னைவிட உனக்குத் தெரியும். பத்து வருடமாக ஊர்த் தாய்மார்களுக்கு இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

மேடத்துக்குப் படம் கிடைத்துவிட்டது. பெரியவருக்கு மாலை கிடைத்திருக்கும். நாற்பது வீட்டுத் தோட்டமும் பிள்ளைகளுக்காகப் போட்டதாம். அதில் ஒரு தக்காளிகூடத் தின்னாத பிள்ளைதான் அவர்கள் புத்தக அட்டையில் சிரிக்கப்போகிறது. உன்னை நம்பிப் பிள்ளையைத் தராசில் வைக்கிற மற்ற தாய்மார்களின் கார்டில் என்ன எழுதியிருக்கிறாய்?

உன் வேலை போகலாம். போகாதென்று நான் சொல்லவில்லை. என் வேலையும்தான் போகும். இந்த ஆர்டர் முடியுமுன் கிளம்பினால் மறுபடி கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். இரண்டு வேலையும் போகட்டும்.

திங்கட்கிழமை எடை போடும் நாள். எல்லோர் முன்னாலும் அவளைத் தராசில் வை. வருகிற எண்ணை எழுது. சிவப்பில் புள்ளி வை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. நான் நேரே அங்கே வந்துவிடுகிறேன். டிரைவர் மாமாவிடம் ஒரு துண்டுச்சீட்டு போதும்.

தங்கை


மார்ச் 26

அக்கா,

டிரைவர் மாமா மூன்று நாளாக வெறும் கையோடு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை என் பத்து நிமிடமும் மணி அடித்தே தீர்ந்தது. வீடு பூட்டியிருக்கிறது என்கிறார் மாமா. ஆஸ்பத்திரிக்குப் போனாயா, அவளைத் தூக்கிக்கொண்டு வேறெங்காவது போனாயா என்று கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், நான் பஸ்ஸ நிறுத்துறேன், எடுக்குறேன்" என்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தச் சீட்டு இன்று மாலை பஸ்ஸில் வருகிறது. கதவிடுக்கில் செருகச் சொல்லியிருக்கிறேன். நீ உள்ளே இருந்தால் எடுத்துப் படி. திட்டமாட்டேன். மேடத்திடம் போகமாட்டேன். மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை அவள் எடை என்ன? எண்ணை மட்டும் எழுது.