என் பெயர் இருந்த இடம்

அக்டோபர் 5, சனி

விடியற்காலையிலிருந்து மழை. சாக்கடை நிறைந்து வாசற்படி வரை தண்ணீர்.

கடலுக்கு மேல் பாலம் திறந்த வருஷம் இது. துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கிய அந்தோணி செத்த வருஷமும் இதுதான். "பாலத்துல ஒரு தடவையாவது அக்கரைக்குப் போயிடணும்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். திறக்கிறதுக்குள் போய்விட்டான்.

சனிக்கிழமை, கார்டு வேலை. மகள் சரோஜா, வேலை பார்க்கும் யுனிவர்சிட்டியிலிருந்து கார்டுக் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். 'உங்கள் கட்டுரை ஒரு பிரதி வேண்டும்' என்று வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற கார்டு. அவள் விலாசம் எழுதுவாள். நான் கட்டுரையை உறையில் போட்டு ஒட்டுவேன்.

கார்டு எல்லாவற்றிலும் என் பெயர். டாக்டர் வேலாயுதம். அவள் சரோஜா வேலாயுதம் என்று போடுவாள். நமக்குக் கடைசியில் வருவது அப்பன் பெயர், வெள்ளைக்காரனுக்கு அதுதான் ஆளின் பெயர். மங்குஸ்தான் தோலிலிருந்து மஞ்சள் பொடி எடுத்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் சரோஜா. (பழம் எனக்கு, தோல் அவளுக்கு. சீசன் பூரா அப்படித்தான்.) உலகத்தில் பெயர் வாங்கியது நான்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் எழுத்தே யூனியன் இரவு வகுப்பில் தட்டுத்தடுமாறிக் கற்றது. ஆனால் என் பெயர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். கவட்டை மாதிரி எழுத்தில் ஆரம்பித்து நீளமாகப் போகும்.

இன்று புதுக் கட்டுரைக் கட்டு. பிரித்தேன். கவட்டை இருக்கிறது. அதோடு ஒரு புள்ளி. பிறகு வேறு என்னமோ.

"இது யாரு எழுதினதுமா?"

"நான்தாம்பா."

"என் பேரு?"

"இருக்கேப்பா. அந்த வி நீங்கதான். அடுத்தது சரோஜா."

தலை நிமிராமல் சொன்னாள். ஒட்டி முடித்தேன். விரல் எல்லாம் பசை.

அக்டோபர் 6, ஞாயிறு

தூறல். முழங்கால் வலி.
வாங்க: பசை, கோடாலித் தைலம், பூனைக்கு நெத்திலி.

மாப்பிள்ளை மேல்தான் சந்தேகம். அவர் வீட்டார் கிளார்க்குப் பரம்பரை, மூட்டை தூக்கியவன் பெயர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். காலையில் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரே காப்பியோடு வந்து உட்கார்ந்தார்.

"மாமா, என்மேல கோவமா? என் பேரும்தான் அதுல இல்ல, பாருங்க லா."

"பின்னே யாரு சொல்லி மாத்தினா?"

"யாரும் சொல்லல. நான்கூட மாத்த வேணாம்னுதான் சொன்னேன். அடுத்த மாசம் அவளுக்குப் பதவி உயர்வு இண்டர்வியூ. எத்தனை கட்டுரை, வெளியில எத்தனை பேரு அதை எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னுதான் பார்ப்பாங்க. பேரை மாத்தினா பழசெல்லாம் வேற ஆளு கணக்குல நிக்கும்னேன். போன வருஷமே முடிவு பண்ணிட்டா, மாமா."

போன வருஷமே.

அப்படியானால் எத்தனை சனிக்கிழமை என் எதிரில் உட்கார்ந்து விலாசம் எழுதியிருக்கிறாள். 

அக்டோபர் 9, புதன்

வெயில். பஸ்ஸில் சூலியா தெரு. பழைய கூட்டாளி காதர் காசு மாற்றும் கடையில், கண்ணாடிக்குப் பின்னால். என்னைப் பார்த்ததும் தெருவே திரும்பும்படி கத்தினான்.

"டேய் வேலாயுதம்! எந்த தேசத்துக்காரன்டா இந்த வாரம் உனக்குக் கடுதாசி போட்டான்?"

"ஜப்பான்காரன்."

"ஜப்பான்காரனா! சண்டைக் காலத்துல துறைமுகத்துல குனிஞ்சு கும்பிடலன்னு உன் கன்னத்துல விட்டானே, அவன் மகனா இருக்கப்போறான். மன்னிப்புக் கேட்டிருக்கானா?"

"பொடி கேட்டிருக்கான்."

சிரித்துச் சிரித்து இருமினான். சர்க்கரையால் காலில் கட்டு, போன மாதமே ஆறியிருக்க வேண்டிய புண். அவனிடம் விஷயத்தைச் சொல்லத்தான் போனேன்.  தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

யுனிவர்சிட்டி லைப்ரரியில் ஒரு தடிப் புத்தகம். யார் யாரை எடுத்துச் சொல்லி எழுதினார்கள் என்று பார்க்கிறதற்கே ஒரு புத்தகம். சரோஜா ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினாள். என் பெயர், அதன் கீழே எறும்பு வரிசையாக அடுத்தவர்கள் பெயர். "இவங்க எல்லாம் உங்களைச் சொல்றாங்கப்பா" என்று என் விரலைப் பிடித்து வைத்தாள். அதே கைதான் இப்போது என் பெயரை எடுத்ததும்.

அக்டோபர் 12, சனி

மேசைக்குப் போகவில்லை. கட்டிலில் படுத்திருந்தேன். கதவருகில் வந்து நின்றாள்.

"சிங்கப்பூர் மாநாட்டுல என் கட்டுரையை நான்தாம்பா வாசிச்சேன். கீழ இறங்கினதும் ஒருத்தரு கை குலுக்கிட்டு, 'உங்க புரொபசர் வேலாயுதம் வரலையா'ன்னு கேட்டாரு. என்னை எடுபிடின்னு நெனச்சுட்டாரு."

"நானா கேட்டேன் உன்கிட்ட, என் பேரைப் போடுன்னு?"

"நீங்க கேக்கல."

"எடுக்கிறப்பயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சரிம்மான்னுதான் சொல்லுவீங்க. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு என்னால மாத்தியிருக்க முடியாது. அதான் சொல்லல."

நியாயம் அவள் பக்கம்தான். நியாயம் இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது.

நவம்பர் 7, வியாழன்

சரோஜாவுக்கு இண்டர்வியூ. மழை. சாயந்திரம் குடையை மடக்கும்போதே முகம் சரியில்லை. சாப்பிடும்போது சொன்னாள்.

பழைய கட்டுரைகளை ஒரு கட்டாக, புதிதை ஒரு கட்டாக வைத்திருந்தார்களாம். "ஊரெல்லாம் எடுத்துச் சொல்ற இந்த வேலாயுதம் யாரு, உங்க மேலதிகாரியா?" என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பா என்றாளாம். "அவரும் கெமிஸ்ட்டா?" எல்லோரும் சிரித்தார்களாம்.

மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன். 

"கெடைக்காது போலிருக்குப்பா. அடுத்த தடவை பார்க்கலாம்னாங்க."

"பழைய பேருக்கே போயிடேன்மா." சொல்லிவிட்டேன். அவளுக்காகச் சொன்னதா எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை.

"இல்லப்பா." யோசிக்கக்கூட இல்லை. இரசம் ஊற்றினாள்.

நட்டம் என்று தெரிந்தும் என்னை வேண்டாம் என்கிறாள்.

நவம்பர் 9, சனி

வெயில் கொஞ்சம். தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைத்து வந்தாயிற்று. பூனை இரண்டு நாளாகக் காணோம்.

பழைய கட்டுரை கேட்டு ஒரே ஒரு கார்டு. டாக்டர் வேலாயுதம். என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஒட்டினேன். இனி இதுவும் குறையும்.

வீட்டில் அப்பா, மாமா. தண்ணீர்மலைக் கோயிலில் ஐயா. கிளினிக்கில் நம்பர். சம்சாரம் கடைசி வரை என் பெயரைச் சொன்னதில்லை, ஆள் கணக்கு எடுக்க வந்தவன் கேட்டபோது முருகன் படத்தில் வேலைக் காட்டினாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்: படகு மேஸ்திரி சின்னையா, போய்ச் சேர்ந்தார். கிரேன் ஓட்டிய அகமது, போனான். சீன முதலாளி, தவுக்கே ஆ செங், மூட்டை எண்ணும்போது "வேலா, வேலா" என்பான், போனான். அந்தோணி, பாலத்தில் போகாமலே.

இன்னும் இருக்கிறவன் ஒருத்தன்தான், சூலியா தெரு காதர் மைதீன்.