தார்ப்பாய் போடாத கூரை

மார்ச் 9

தாராவியில் அக்கா வீட்டுத் தகரக் கூரையில் குளிர்விக்கும் பலகை மாட்டியாயிற்று. எங்கள் கம்பெனி கண்டுபிடித்ததில் சோதனைக்கு வந்த முதல் தொகுதி. மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். வெப்பத்தை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். நானே தகரத்தில் துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து முடுக்கினேன். கீழே மூன்று தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, அக்கா, அத்தான். பள்ளிச் சீருடைதான் அவர்களுக்கு வருஷத்துச் சோறு. கோடை முழுக்கத் தகரத்துக்கு அடியில் வெந்து தைத்தால்தான் ஜூனில் கொடுக்க முடியும்.

அத்தான் குர்லாவில் ஒரு பழைய ஏ.சி. பேசி வைத்திருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன்.

"ஏல துரை, இது வேல செய்யலன்னா ஒன்னைய மேல ஏத்தி விட்டு விசிறச் சொல்லுவேன்" என்றாள் அக்கா.

மார்ச் 27

வேலை செய்கிறது. மதியம் பக்கத்து வீட்டைவிட ஆறு டிகிரி குறைவு. பக்கத்து வீட்டு நூர் நிஷாக்கா சோற்றுத் தட்டோடு இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார். "முத்துமாரி, ஒந்தம்பி ஊட்டியையில்லா தூக்கிக் கொண்டாந்து வச்சிருக்கான்."

ஏப்ரல் 12

விக்ரோலி ஆபீஸுக்கு ஒரு முதலீட்டுக்காரர் வந்தார். ஏழை நாடு கண்டுபிடிப்பில் எல்லாம் முந்தக் கூடாதாம். பணக்கார நாடு செலவு பண்ணட்டும், தப்புப் பண்ணட்டும். விலை இறங்கியதும் நாம் வாங்கிக்கொள்ளலாமாம். கம்பெனி முதலாளி ஹரி, மாட்டுங்காவில் மாடி வீட்டுக்காரர், விடவில்லை. "அவாளுக்குத் தகரக் கூரைன்னா என்னன்னே தெரியாது சார். நம்ம சூட்டுக்கு அவா எதுக்கு மருந்து கண்டுபிடிக்கணும்?"

எனக்குக் கைதட்டத் தோன்றியது. அடுத்த நொடி என்னைக் கைகாட்டினார். "இவன் துரை. தாராவிப் பையன். கூரைக்கு அடியிலேயே வளர்ந்தவன். சொல்லுப்பா, ஃபீல்டுல ஏதாவது ப்ராப்ளம் இருக்கா?"

மெக்கானிக்கல் படித்தவன் என்று சொல்லவில்லை. தாராவிப் பையன்.

நாக்கு நுனியில் ஒன்று இருந்தது. மே கடைசியில் எங்கள் சந்தில் எல்லாக் கூரையும் நீலமாகிவிடும். தார்ப்பாய் விரித்து, மேலே டயரும் கல்லும் வைப்பார்கள். வெறும் தகரத்தை நம்பி மழைக்கு யாரும் இருப்பதில்லை. தார்ப்பாய் விரித்தால் பலகை வானத்தைப் பார்க்க முடியாது. விரிக்காவிட்டால், நாங்கள் தகரத்தில் போட்ட துளைகள்? எங்கள் வரைபடம் எதிலும் தார்ப்பாயே இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அந்தத் தாராவிப் பையனாகவே நின்றுவிடுவேன்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

மே 18

"எல்லாரும் தார்ப்பாய் போடுதாவ. நாம போட வேண்டாமா?" என்று அக்கா கேட்டாள்.

போட்டால் பலகை வேலை செய்யாது, சீருடை இன்னும் பாதி கிடக்கிறது, மழைக்கு நாள் இருக்கிறது, ரப்பர் வைத்திருக்கிறேன், ஒழுகாது — வரிசையாகச் சொன்னேன்.

"இஞ்சினியர் சொன்னாச் சரிதான்" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

மே 26

மழை. இவ்வளவு சீக்கிரமா?

மே 27

பலகை ஒரு பக்கம் குளிர்ந்து, தகரம் மறுபக்கம் காய்ந்து, இரண்டும் இழுத்த இழுப்பில் துளைகள் அகன்றிருக்கின்றன. ராத்திரி பெய்தது முழுக்கத் துருத் தண்ணீராக உள்ளே இறங்கியிருக்கிறது. நேரே கீழேதான் தைத்து மடித்த வெள்ளைச் சட்டைக் கட்டுகள். வெள்ளையில் துரு பிடித்தால் போகாது. அத்தான் எலுமிச்சம்பழத்தை வைத்து ஒரே ஒரு காலரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

யாரைத் திட்டுவது? ஹரியையா? கேட்டாரே. அந்த மனுசன் வாயத் தொறந்து கேட்டாரே.

ஜூன் 3

சீருடை ஆர்டர் தரும் காசிம் பாய் வந்தார். சத்தம் போடவில்லை. "நான் ஸ்கூலுக்கு என்னம்மா பதில் சொல்ல? வேற எடத்துல தைக்கக் குடுத்துட்டேன். தப்பா நெனைக்காத." அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். ஏசுவாள் என்று நினைத்தேன்.

"நீ சாப்ட்டியால?"

தார்ப்பாய் விஷயத்தை ஆபீஸில் சொன்னேன் — இப்போது. துணிக்கான பணத்தைக் கம்பெனி கொடுக்கும் என்றார் ஹரி. பிறகு, "இத ஏன் ஏப்ரல்லயே சொல்லல?" கோபமில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஜூலை 6

காசிம் பாய் திரும்பி வரவில்லை. மெஷின் மூன்றையும் விற்றாயிற்று. ஊருக்கு வெளியே அம்பர்நாத்தில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் இரண்டு பேருக்கும் வேலை. அங்கேயே அறை பார்க்கிறார்கள். சொந்தமாகத் தைத்தவர்கள், இனி சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 21

துளை போடாமல் தகரத்தைக் கவ்விப் பிடிக்கும் புது வடிவம். மழைக்காலத்தில் கழற்றிவிட்டுத் தார்ப்பாய் விரிக்கலாம். நான் வரைந்தது. டெல்லிக் கூட்டத்தில் ஹரி காட்டினாராம், நல்ல கைதட்டலாம். நம்முடையது போன்ற நாடு முன்னால் போக வேண்டுமா என்று இன்று கேட்டாலும் போக வேண்டும் என்றுதான் சொல்வேன். வெந்தவனுக்குத்தான் சூடு தெரியும். ஆனால் முன்னால் போகிறவன் தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொள்கிறான். அதை யார் வீட்டுக் கூரையில் பண்ணுவது? ஹரி வீட்டு மாடியில் பண்ணவில்லையே. நானும் என் ஆட்கள் வீட்டைத்தான் காட்டிக் கொடுத்தேன்.

அக்டோபர் 14

மழை போய், வெயில் கொளுத்துகிறது. அக்கா வீட்டில் பழைய பலகை அப்படியே இருக்கிறது. ஆபீஸில் வெப்ப அளவு எடுக்கச் சொன்னார்கள். நூர் நிஷாக்காவிடம் சாவி வாங்கித் திறந்தேன். ஒன்பது டிகிரி குறைவு. எந்த வீட்டிலும் இவ்வளவு வந்ததில்லை.

அனுப்பியதும் ஹரியிடமிருந்து மெசேஜ்: "பிரமாதம். எப்படி?"

"இஸ்திரிப் பெட்டி இல்லை. மெஷின் இல்லை. ஆள் இல்லை. இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று பதில் போட்டேன்.

பூட்டிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது நூர் நிஷாக்கா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"உள்ள எப்பிடிப்பா இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்குக்கா."