லூப்பே வீட்டில் மூன்று நாட்கள்

2003 ஒக்டோபர் 25, சனி

மழை. காற்றில் குடை இரண்டு தரம் கவிழ்ந்தது. பத்து மணி வகுப்புக்குப் பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பயணப் புகைப்படப் பட்டறை என்று பெயர். பயணம்தான் இல்லை. நடத்துகிற மிரேய் வருஷா வருஷம் இந்த நாட்களில் ஒரு குழுவை மெக்சிக்கோவுக்குக் கூட்டிப் போகிறவர். அங்கே செத்தவர்களின் பண்டிகை. செத்தவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். இந்த வருஷம் மிரேய்க்கு முழங்கால் ஒப்பரேஷன், விமானம் ஏறக் கூடாது. அதனால் இந்த மொன்ட்ரியாலிலேயே மெக்சிக்கோ வீடுகள், ஆளுக்கொரு வீடு. "பஸ்ஸில் போனாலும் பயணம்தான்" என்றார், கைத்தடியைத் தட்டி. எனக்கு வசதி. வெளிநாடு போகிற காகிதம் எனக்கு இன்னும் வரவில்லை.

எட்டுப் பேர். ஒரு பல் வைத்தியர், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இரண்டு பேர், மற்றவர்கள் பெயர் பிடிபடவில்லை. எல்லாரிடமும் புதுக் கமரா. என்னுடையது கடை முதலாளி தந்த பழையது.

"உங்களுக்கு என்ன வேலை?"

"படம் கழுவுகிற கடையில்."

"ஒரு நாளைக்கு எத்தனை படம் பார்ப்பீர்கள்?"

"ஆயிரம் இருக்கும்."

சிரித்தார்கள். ஏன் என்று விளங்கவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்.

எனக்கு விழுந்த வீடு: லூப்பே என்ற பெண்மணி, மொன்ட்ரியால்-நோர், மூன்றாம் மாடி.

வாங்க வேண்டியது: பால், வெங்காயம், ஃபிலிம் இரண்டு, சுகிக்கு இருமல் மருந்து.

26, ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற நாள். மறந்துபோய் ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விட்டேன். லூப்பே கதவைத் திறந்தபோது தலையில் துவாய், கையில் கரண்டி. திருப்பி அனுப்பாமல் உள்ளே விட்டார். நல்ல மனுஷி. ஐம்பது வயது மதிக்கலாம். கந்தோர்களில் தரை, மேசை துப்பரவாக்குகிற வேலை. கணவர் எர்னெஸ்தோவுக்குச் சனி, ஞாயிறும் வேலை.

அவருடைய பிரெஞ்சும் என்னுடையதும் ஒரே தரம். இருவருமாகச் சேர்ந்து ஒரு வசனம் முடிக்கக் கால் மணி நேரம்.

இருப்பறையில் பெட்டிகளை அடுக்கி, மேலே விரிப்புப் போட்டு, படிபடியாக ஒரு மேடை. கிட்டத்தட்ட எங்கள் நவராத்திரிக் கொலு. தோரணம் மாதிரி வெட்டிய கடதாசி. கோயில் மாலையில் வருகிற அதே செம்மஞ்சள் பூ, ஆனால் கடதாசியில். இந்தக் குளிரில் நிஜப் பூவுக்கு எங்கே போவது. நடுவில் தொப்பி போட்ட கிழவர் படம்: அவருடைய அப்பா. சாம்பிராணி மணம். ஒரு நிமிஷம் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை.

கீழ்ப்படியில் ஒரு சின்னக் கோப்பை பால், மரக் கார் ஒன்று. படம் இல்லை. யார் என்று கேட்டேன். இரண்டு கையாலும் நீளம் காட்டினார்.

"மிகேல். நாலு மாதம்."

அப்போது கமரா இல்லையாம். இருபத்திரண்டு வருஷமாகப் படமில்லாமலே வைக்கிறாராம்.

விரல் விட்டு விளங்கப்படுத்தினார்: முப்பத்தோராம் தேதி பின்னேரம் பிள்ளைகள் வருவார்கள். முதலாம் தேதி மத்தியானம் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் பெரியவர்கள். "பிள்ளைகள் முதலில். ஓடி வருவார்கள் அல்லவா."

பிறகு கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளைகள்?"

"இல்லை" என்றேன்.

இருபத்துநாலு படம் எடுத்தேன். பஸ் பிந்தியது.

எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன். பெப்ரவரியில் எனக்கும் சுகிக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் போதாமல். பதினொரு நாள் இருந்தாள். வார்ட்டில் அவளைக் குஞ்சு என்றுதான் கூப்பிட்டோம். பெயர் வைக்கிற முப்பத்தோராம் நாள் வரவில்லை, பெயரும் வைக்கவில்லை. காகிதங்களில் "பெண் குழந்தை", என் பெயர், அவ்வளவுதான். பனியில் இறுகின நிலம் இளகிய பிறகு ஏப்ரலில் அடக்கம். ஒரு இலக்கத் தகடு. குழந்தை போன அடுத்த திங்களே சுகி தையல் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சோறு, பஸ், உடுப்புத் தோய்க்கிறது பற்றி மட்டும் கதைக்கிறோம். சண்டைகூட இல்லை.

29, புதன்

கடையில் கூட்டம். ஒரு ஆள் பூனையை மட்டும் முப்பத்தாறு படம்.

பின்னேரம் வகுப்பு. என் படங்களை மிரேய் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வீட்டுக்குள்ளே போனீர்களா, இல்லையா?"

"போனேன்."

"அப்படியானால் ஏன் எல்லாப் படமும் கதவடியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது?"

பல் வைத்தியர் குனிந்து தன் லென்ஸைத் துடைத்தார்.

"இரண்டு அடி கிட்டப் போங்கள். அதற்கு முதலில் கதையுங்கள்."

கதைக்க மொழி வேண்டும். லூப்பேயிடம் இருப்பது ஸ்பானிஷ். எனக்குத் தெரிந்து ஸ்பானிஷ் கதைக்கிற தமிழ் ஆள் ஒருத்திதான். அவள் என் வீட்டில் இருக்கிறாள். சுகிக்கு இடப்பக்க மெஷினிலும் வலப்பக்க மெஷினிலும் ஆறு வருஷமாக சால்வடோர்காரப் பெண்கள். பிரெஞ்சை விட ஸ்பானிஷ் நன்றாக வரும்.

30, வியாழன்

இன்று கேட்டேன். சுகி கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். நான் துடைத்துக்கொண்டு.

"நாளைக்கு வேலை முடிய என்னோட ஒரு இடத்துக்கு வாறீரோ?"

"எங்க?"

"ஒரு மெக்சிக்கோ வீடு. படமெடுக்க. அந்த மனுசிக்கு ஸ்பானிஷ்தான் வரும்."

"என்ன விசேஷம்?"

"அவையின்ர ஒரு பண்டிகை. சோடினை, சாப்பாடு, அப்பிடி."

தண்ணீரை நிறுத்தினாள். "கனநேரம் நிக்க ஏலாது."

"இல்லை, கொஞ்ச நேரந்தான்."

பிள்ளைகளின் நாள் என்று சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள். மொழிபெயர்க்க மட்டும்தான் கூப்பிட்டேனா, எனக்கே தெரியவில்லை.

31, வெள்ளி

குளிர், காய்ந்த குளிர். ஹலோவீன், வேஷம் போட்டு வீடு வீடாய் இனிப்புக் கேட்கிற நாள். லூப்பே வீட்டு வெளிப்படிகளில் பேயும் தேனீயுமாகப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். சுகி சுவரோடு ஒதுங்கி வழி விட்டாள்.

உள்ளே போய்ப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு லூப்பே அவளை விடவில்லை. இரண்டு பேரும் குசினியில் நின்று படபடவென்று ஸ்பானிஷ். மாப் பிசைகிறார்கள்: செத்தவர்களுக்கென்று சுடுகிற இனிப்புப் பாண், மேலே எலும்பு மாதிரிச் சின்ன உருட்டல்கள். லூப்பே என்னவோ சொல்ல சுகி சிரித்தாள். சத்தமாக. எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். இரண்டு அடி கிட்டப் போய் அந்தச் சிரிப்பை எடுத்தேன். அவள் பார்க்கவில்லை.

பிறகு லூப்பே மெழுகுதிரி கொளுத்த அவளை மேடைக்குக் கூட்டி வந்தார். பால் கோப்பை. மரக் கார். கையால் நீளம் காட்டுகிறார். சுகியின் சிரிப்பு நின்றுபோனது. ஒரு கேள்வி கேட்டாள். லூப்பே பதில் சொன்னார். சுகி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கோட்டை எடுத்தாள். லூப்பேயிடம் இரண்டு சொல். படியிறங்கிவிட்டாள். கீழே பிடித்தேன்.

"உங்களுக்குத் தெரியும். என்ன?"

"ஓம்."

"சொன்னா வரமாட்டன் எண்டுதான் சொல்லேல்ல."

"ஓம்."

"என்னை ஏமாத்திக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்."

ஒரு தேனீ எங்களுக்கு நடுவால் போனது. பஸ்ஸில் முன்சீட்டில் போய் இருந்தாள். நான் பின்னால். அவள் சொன்னது சரி. இனி லூப்பே வீடு இல்லை, பட்டறையும் இல்லை. திங்கட்கிழமை மிரேய்க்குப் போன் பண்ண வேண்டும்.

நவம்பர் 1, சனி

எழும்பினபோது சுகி கோட்டும் சப்பாத்தும் போட்டுக் கதவடியில்.

"எங்க போறீர்?"

"லூப்பேட்ட. வாறன் எண்டு நேற்றே சொல்லிப்போட்டனான்."

நேற்று அந்த இரண்டு சொல் அதுதான்.

"நானும் வரட்டோ?"

"கமராவை எடுங்கோ. மத்தியானத்துக்கு முதல் போகோணும்."

இன்று பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தாள்.

குசினி மேசையில் சீனியில் செய்த சின்ன மண்டையோடுகள். பயங்கரமாக இல்லை, சிரிக்கிற மாதிரி, கண்ணைச் சுற்றி நீலமும் ரோசாவும். நெற்றியில் ஐசிங்கால் பெயர் எழுதுவார்கள். மிகேலுடையது ஏற்கெனவே எழுதியாயிற்று. லூப்பே இன்னொன்றை எடுத்து, ஐசிங் பையைக் கையில் பிடித்துக்கொண்டு சுகியிடம் கேட்டார். எனக்கு விளங்கிய ஒரே ஸ்பானிஷ் சொல்: பெயர்.

நான் தரையைப் பார்த்தேன். பெயர் இல்லை என்று சொல்லப் போகிறாள். அதைக் கேட்க எனக்குப் பயம்.

சுகி பையைத் தன் கைக்கு வாங்கினாள். மண்டையோட்டைக் கிட்ட இழுத்தாள். ஐசிங் தடிப்பு, இடம் கொஞ்சம். நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். தமிழில். மூன்று எழுத்து.

ஆதிரை.

"எப்ப வைச்சனீர்?" என்று கேட்டேன்.

"அஞ்சாம் நாள். நீங்கள் கோப்பி வாங்கப் போனனீங்கள். கண் முழிச்சுப் பார்த்தவள். கூப்பிட்டுப் பார்த்தன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"முப்பத்தொண்டு அண்டைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

லூப்பே தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவ ஒன்றுமில்லாத தொட்டியில் எதையோ கழுவினார்.

அவளுக்குப் பெயர் இருந்திருக்கிறது. ஆறு நாள் ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். நான் இத்தனை மாதமும் பெயரில்லாமல் போனவள் என்று நினைத்து நினைத்து.

சுகி மேடையடியில் குந்தி அதைப் பால் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மிகேலின் காரைக் கொஞ்சம் நகர்த்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் நிக்கிறியள்? எடுங்கோ."

நாலு படம். கடைசி இரண்டுக்கு முழங்காலில் இருந்தேன். அதை விடக் கிட்டப் போக முடியாது.

மத்தியானம் லூப்பே கைப்பிடி மணி ஒன்றை ஆட்டினார். பிள்ளைகள் போகிற நேரம். பிறகு எர்னெஸ்தோ வேலையால் வந்தார். பாண், சூடான சொக்லேட், பெருத்த உறைப்பில் கோழிக்குழம்பு. சுகி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

2, ஞாயிறு

மழைத் தூறல். பத்து மணி வரை நித்திரை, இரண்டு பேரும்.

இடியப்பம், சொதி. சாப்பிடும்போது கேட்டேன், ஆதிரையின் உடுப்புகள் எங்கே என்று. நான் அலுமாரி, கட்டிலடி எல்லாம் ஒருதரம் தேடியிருக்கிறேன்.

"தொழிற்சாலை லொக்கரில."

"எட்டு மாசமாவோ?"

"வேலைக்குப் போகேக்க பார்ப்பன். வரேக்க பார்ப்பன்."

அதனால்தான் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.

"வீட்டை கொண்டு வாரும்."

"ம்."

பிறகு உடுப்புத் தோய்த்தோம்.

3, திங்கள்

முதலாளி சாப்பிடப் போன நேரம் என் ஃபிலிமைப் போட்டேன். ஆயிரம் படம் பார்க்கிற கண். மெஷினிலிருந்து வந்த சனிக்கிழமைப் படம் நாலையும் பார்க்காமல் கவருக்குள் வைத்தேன். வீட்டில் இருவருமாகப் பார்த்தோம். வெள்ளிக்கிழமைச் சிரிப்பும் இருந்தது. "களவாய் எடுத்திருக்கிறியள்" என்றாள். கோபம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், தன்னைத்தான்.

5, புதன்

சுகி லொக்கர்ப் பையோடு வந்தாள். ஒரு தொப்பி, இரண்டு சட்டை, காலுக்கு ஒரு சோடி மேசு. மேசு என் பெருவிரல் அளவு. இரண்டு பேரும் அழுதோம். பிறகு பசித்தது. முட்டை பொரித்தேன், உப்புக் கூடிப்போனது.

8, சனி

முதல் பனி, நிலத்தில் விழுந்ததும் கரைந்தது. கடைசி வகுப்பு. ஆளுக்கு ஐந்து படம் சுவரில். எதைக் காட்டலாம் என்று சுகியிடம் முன்பே கேட்டிருந்தேன். "கையும் பேரும் தெரியிற படம் காட்டலாம். என்ர முகம் வேண்டாம்."

அந்தப் படத்துக்கு முன்னால் மிரேய் நீண்ட நேரம் நின்றார், கைத்தடியில் சாய்ந்து.

"இது என்ன எழுத்து?"

"தமிழ். என் மகளின் பெயர்."

முதல் தடவை வாயால் சொல்கிறேன். என் மகள்.

என் தோளைப் பிடித்தார். அப்புறம், "வெளிச்சம் கொஞ்சம் கூடிவிட்டது, கவனியுங்கள்" என்றார். அது எனக்குப் பிடித்தது. பல் வைத்தியர் ஒரு பிரதி கேட்டார். தரமாட்டேன் என்றேன். கோபிக்கவில்லை.

லூப்பேக்கு ஒரு கட்டுப் படம் தனியாக அடித்திருக்கிறேன். சுகி வருகிற ஞாயிறு கொண்டு போகிறாளாம், ரொட்டி சுடவும் காட்டித் தரப் போகிறாளாம். எனக்கு அழைப்பு இல்லை.

15, சனி

வெயில், காற்று. கல்லறைக் கல்லு வெட்டுகிற இடத்துக்குப் போனோம். தகட்டை எடுத்துவிட்டுச் சின்னக் கல் வைக்கலாமாம். முன்மேசையில் ஒரு வயதான மனிதர், காதில் பென்சில். தமிழ் எழுத்து வெட்டத் தெரியாது, தங்களிடம் ஆங்கில எழுத்துத்தான் என்றார். சரி என்றோம். பெயர் கேட்டார்.

"ஏ, ரீ, எச்..." என்று ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டத் தொடங்கினேன்.

"தொடக்கத்தில இரண்டு ஏ," என்றாள் சுகி.

"ஒண்டு போதும். இஞ்சத்தைய ஆக்கள் வாசிக்க வேண்டாமோ?"

"ஒண்டு போட்டா 'அதிரை' எண்டெல்லோ வாசிப்பினம்."

"இரண்டு போட்டாலும் அப்பிடித்தான் வாசிப்பினம்."

"அது அவையின்ர பிழை. பிள்ளையின்ர பேரை நாங்கள் குறைக்கேலாது."

"பள்ளிக்கூடத்தில எவ்வளவு கரைச்சல் எண்டு..." என்று சொல்லத் தொடங்கி நிறுத்தினேன். சுகியும் என்னைப் பார்த்தாள். பிறகு, "பள்ளிக்கூடத்திலயும் இரண்டு ஏதான்" என்றாள்.

மனிதர் பென்சிலை மேசையில் வைத்தார். நீங்கள் இரண்டு பேரும் கதைத்து முடியுங்கள், பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோதும் நாங்கள் முடித்திருக்கவில்லை.