சோப்பு வாங்கப் போகிறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா இருமல் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எங்கள் மில் விடுதிக்கு வாராவாரம் ஒரு மனநல ஆலோசகரை அரசாங்கம் அனுப்புகிறது. பயமோ அழுகையோ, எதுவானாலும் அவரிடம் சொல்லலாம். ஆனால் அவருக்குக் கொடுத்த அறை சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் எதிரே இருந்தது. உள்ளே போன ஒருத்தியை, "என்னடி, மரை கழண்டுடுச்சா?" என்று எல்லோரும் கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை.

சில மாதங்களுக்கு முன்பு படிக்கட்டில் என்னை நிறுத்தி, "ஏம்மா, ஒருத்தரும் வர மாட்டேங்கிறீங்க?" என்று அவரே கேட்டார். "எல்லாரும் பாக்குறாங்க மேடம்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரமே, விடுதியில் சோப்பு கொடுக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்கு மாறிவிட்டார். இப்போது யார் கேட்டாலும், "சோப்பு வாங்கப் போறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது கையில் ஒரு சோப்பு இருந்தால் போதும்.

ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, வேறொன்றுமில்லை. குறைந்துவிடும் என்கிறார் மேடம். அப்பாவிடம் சொல்லாதே, வேலையை விட்டுவிட்டு வரச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. ஊருக்கு வரும் பக்கத்துக் கட்டில் அக்காவிடம் ஒரு பை சோப்பு கொடுத்தனுப்புகிறேன். துணி துவைக்க வைத்துக்கொள். எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காதே அம்மா.

உன் மகள்