சூப்பர்வைசர் ஸ்டெல்லா அண்ணிக்கு

திட்டிக்கொண்டே எனக்குச் சோறு போட்ட ஸ்டெல்லா அண்ணிக்கு,

போன வாரம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. இனி நான் டாக்டர் கௌரி. அம்மா படப்பையில் நம் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். உங்கள் மகள் அனு வாசல் கதவில் சாக்பீஸால் என் பெயரைப் பட்டத்தோடு எழுதிவைத்திருக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால், "டாக்டரம்மா, மொதல்ல அந்தப் பாத்திரத்தக் கழுவு" என்றிருப்பீர்கள் இல்லையா?

ஆனால் நான் சொல்ல வந்தது என் பட்டத்தைப் பற்றி அல்ல, அண்ணனைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே.

ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்யும் அந்தக் கம்பெனியில் நீங்களும் என் அண்ணன் முருகேசனும் ஒரே லைனில் வேலை பார்த்தீர்கள். பழகியது அங்கேதான், மதம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டதும் அந்த வேலையை நம்பித்தான். அங்கே லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேய்ப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அது ஏன்? என் ஆய்வு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

மேலாளர்கள் எல்லோரும் சொல்லிவைத்தது போல ஒரே பதிலைச் சொன்னார்கள். "நாங்க குடுக்கத்தான் பாக்குறோம் மேடம், அவங்களே வேணான்றாங்க." நான் படித்த கட்டுரைகளில் இதற்குத் தன்னம்பிக்கைக் குறைவு, குடும்பச் சுமை என்று விதவிதமான பெயர்கள் இருந்தன. வேண்டாம் என்று சொன்ன ஒருவரோ என் வீட்டிலேயே மாவு அரைத்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் பதவி இரண்டு முறை தேடிவந்தும் மறுத்தவர் நீங்கள்.

உங்களையும் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தேன். ரெக்கார்டரைப் பார்த்ததும் உங்கள் முதுகு நிமிர்ந்துவிட்டது. பொறுப்பு ஜாஸ்தி, குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதையே சொன்னீர்கள். நான் அதை அணைத்த பிறகு சிரித்தீர்கள்.

"அத்த நம்பிட்டியா கௌரி? உங்க அண்ணன் அதே லைன்ல கீறாரு. தப்பு பண்ணா நான்தானே கேக்கணும்? அத்தினி பேரு முன்னாடி கேட்டுட்டு, வூட்டுக்கு வந்து அவருக்கே தோச சுட்டுப் போடணும்ல."

இதை எழுதாதே என்றீர்கள். நானும் எழுதவில்லை.

அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். உங்கள் லைனில் கர்ப்பமாக இருந்த தேவி அடிக்கடி பாத்ரூம் போகிறாள் என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார். அவள் அழுதுகொண்டே வயர் கட்டினாளாம். அன்று சாயங்காலம் அண்ணன் முன்னால் தட்டை வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள், இன்னொரு முறை கேட்டால் சரி என்று சொல்லப்போகிறேன் என்று. அண்ணன் நிமிரவே இல்லை. "உன் இஷ்டம்" என்றார். அப்படிச் சொன்னால் இஷ்டம் இல்லை என்று அர்த்தம். நமக்குத் தெரியாதா?

அந்த ஆள் சீக்கிரமே வேறு இடத்துக்கு மாறிப் போக, நீங்கள் சூப்பர்வைசர் ஆனீர்கள். லைனில் மாற்றி நிற்க ஒரு ஆளை எப்போதும் தயாராக வைத்ததுதான் நீங்கள் செய்த முதல் வேலை. அதன்பிறகு பாத்ரூம் போக யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. அண்ணனோ வேறு ஷிஃப்டு கேட்டு வாங்கிக்கொண்டார். நீங்கள் வரும்போது அவர் கிளம்புவார். குழம்பு வைத்து மூடிவிட்டுத்தான் போவார், ஆனால் குழம்பு இருக்கிறது என்று சொல்ல மாட்டார். உப்புக் குறைந்தால் நீங்களும் சொல்ல மாட்டீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அனுதான் தபால்காரி.

இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. பிறகு காய்ச்சல் என்று படுத்தீர்கள். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் அண்ணன் உங்கள் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் டீ வாங்கப் போன நேரத்தில் என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள்.

"அன்னிக்கி எழுதாதன்னு சொன்னேனே, அத்த எழுதிக்கோ கௌரி. பேர மட்டும் மாத்திடு. ஆனா உங்க அண்ணன கெட்டவரா எழுதாத. அவருக்கு எப்படிப் பேசறதுன்னு தெரியல, அவ்ளோதான்."

உங்களை அடக்கம் செய்த அன்று சர்ச்சுக் கல்லறைக்கு உங்கள் லைன் பெண்கள் யூனிஃபார்மோடு வந்து நின்றார்கள்.

எழுதினேன், பெயரை மாற்றித்தான். ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொல்லும்போது அந்த வார்த்தைக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அந்த அத்தியாயம். தேர்வு நாளில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால் அண்ணனும் வந்தார். உங்கள் கல்யாண நாளுக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "மனைவி பேசுகிறார், மேலாளர் பேசுகிறார். கணவர் எங்கே? அவரைக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன் அண்ணி? ஆய்வின் எல்லை என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அந்த வூட்டுக்காரன் நான்தான் சார்."

அரங்கில் எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினார். மனைவி பெரிய ஆளாவது தனக்குப் பிடிக்காமல் இல்லை என்றார். நீங்கள் பதவிக்கு வந்த வாரம் கம்பெனி பஸ்ஸில், 'வூட்லயும் மேடம்தான் ஷிஃப்டு போடறாங்களா' என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்களாம். அண்ணன் பாதி வழியிலேயே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாராம்.

"நானும் கூட சேந்து சிரிச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும் சார். எறங்கிட்டேன். அந்தக் கோவத்த வூட்டுக்கு எடுத்துகினு வந்துட்டேன். அது அவ மேல இருந்த கோவம் இல்லன்னு அவகிட்ட சொல்லவே இல்ல."

தேர்வாளர் மெதுவாக, இப்போது அந்த லைனுக்கு யார் சூப்பர்வைசர் என்று கேட்டார்.

"தேவின்னு ஒரு பொண்ணு சார். எம் பொண்டாட்டி தயார் பண்ணிட்டுப் போன ஆளு. அவங்ககிட்ட லீவு கேட்டுட்டுத்தான் வந்தேன்."

ஆமாம் அண்ணி, அனுவுக்காக அண்ணன் பழைய ஷிஃப்டுக்கே திரும்பிவிட்டார். தேவிக்குக் கீழேதான் நிற்கிறார். தப்பு செய்தால் அவள் கேட்கிறாள், இவர் சரிசெய்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கூட. அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருக்கிறது, உங்களுக்காகக் கோபமாகவும் இருக்கிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். அண்ணன் ஆய்வேட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் புரட்டினார். "எல்லாம் இங்கிலீஷ்ல கீது. இதுல அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியல கௌரி" என்றார். விரலை வைத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஆட்டோ வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆகவே ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த ஆய்வு முழுவதையும் தமிழில் எழுதப்போகிறேன். தேவி டீ இடைவேளையில் படிக்கிற மாதிரி, அனு வளர்ந்து படிக்கிற மாதிரி எழுதுவேன். உங்கள் சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு கல்லறைக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம். படித்துக் காட்டப்போவது நான் இல்லை, அவர்.

என்றும் உங்கள் நாத்தனார்,
கௌரி